காரை விட்டு இறங்கிய மஞ்சள் விளக்கு

புளியங்குடி எலுமிச்சை மண்டிக்குப் பின்னால், முப்பத்திரண்டு வீடுகள் எதிரும் புதிருமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிற தெருவில், சொந்தமாகக் கார் வைத்திருந்தவள் ஆவுடைத்தங்கம் ஒருத்திதான். அந்தக் காருக்குப் பதினேழு வயது, அவளிடம் வந்து பதினோரு வருடம், அதற்குள் அது தென்காசிக்கும் சங்கரன்கோவிலுக்கும் சுமந்து போன பிரசவ வலிகளையும், பரீட்சைக்குப் பிந்திப்போன பிள்ளைகளையும், பெண் பார்க்கப் போய்ப் பேசாமல் திரும்பிய மாப்பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தினால் வரிசை கடையநல்லூர் வரைக்கும் போகும் என்று தெருவில் சொல்வார்கள். புருஷன் சொரிமுத்து மண்டியில் எலுமிச்சை தரம் பிரிக்கிற வேலை பார்த்தான். பழம் வரத்து இருந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே வீடு ஓடியது அவள் வாடகைக்கு ஓட்டிய அந்தக் காரால்தான், மகள் காலேஜில் படித்ததும் காரால்தான்.

அந்தக் காரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சொக்கம்பட்டி தாண்டும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. அது எஞ்சின் படம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆவுடைத்தங்கத்துக்கு அது அடைகாக்கிற கோழி மாதிரி இருந்தது.

மெக்கானிக் மைதீன் பிச்சை பானெட்டைத் திறந்து, ஒரு பக்கம் தலையைச் சாய்த்து, குழந்தையின் மூச்சைக் கேட்கிற மாதிரி எஞ்சினைக் கேட்டார்.

"தங்கச்சி, இந்த லைட்டு 'ஒரு கோளாறு இருக்கு'ன்னுதான் சொல்லும். என்ன கோளாறுன்னு சொல்லாது. மிஷின் வச்சுப் பாக்கணும். சென்சாராயிருந்தா ஏழாயிரத்துக்குக் கொறையாது."

"ஏழாயிரமா! காலேஜ் பீஸு கட்ட வச்சிருக்கேன் பாய். இப்ப ஓடுமா, ஓடாதா?"

"ஓடும். மஞ்ச எரிஞ்சா பாத்துப் போ. செவப்பு எரிஞ்சா அந்த இடத்துல நிறுத்து. மஞ்ச மின்னி மின்னி எரிஞ்சுதுன்னு வையி, அப்பவும் நிறுத்திரணும். மின்னுறதுன்னா அது கெஞ்சுதுன்னு அர்த்தம்."

"சும்மா அணைக்க முடியாதா?"

மைதீன் பிச்சைக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு பேட்டரி வயரைக் கழற்றினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு டீ குடித்தார்கள். திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தபோது விளக்கு இல்லை.

"அணைஞ்சிருக்கு, சரியாகலை," என்றார் அவர். "காரு மறந்திருக்கு, அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்து சொரிமுத்து கூப்பிட்டான்.

"ஏட்டி ஆவுடை, குக்கர்ல என்னமோ எரியுது."

"அடுப்பு எரியும்."

"அடுப்பில்ல. மூடியில எரியுது."

வந்து பார்த்தாள். குக்கர் மூடியின் மேல், வெயிட்டுக்குப் பக்கத்தில், அதே மஞ்சள் கோழி உட்கார்ந்து எரிந்துகொண்டிருந்தது. "அட, நம்ம காரு லைட்டு," என்றாள், காணாமல்போன ஆடு கொல்லையில் நிற்பதைப் பார்த்தவள் மாதிரி. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, மூடியைத் திறந்து பார்த்தால் ரப்பர் வெடித்து, வால்வில் புளியந்தோல் அடைத்திருந்தது. அடைப்பை எடுத்துப் புது ரப்பர் போட்டதும் விளக்கு மூடியை விட்டுப் போய்விட்டது.

சாயங்காலம் அது வெள்ளத்துரை டீக்கடைக்கு எதிரே கரண்டு கம்பத்தில் எரிந்தது. கம்பத்தின் அடி துருப்பிடித்து, கையால் தள்ளினால் ஆடியது. அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடத்துக் கேட்டின் கீலில் எரிந்தது. அதற்கடுத்து ஒரு தொட்டிலின் கொக்கியில். முதல் வாரம் தெரு பயந்தது. பயந்தால் என்ன செய்யவேண்டுமோ அதையெல்லாம் செய்தது. சூடம் காட்டியது, மண்டி பக்கத்திலேயே இருப்பதால் எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சமில்லாமல் விளக்கு போன இடமெல்லாம் நாலு நாலாகப் பிழிந்தது, தர்காவில் ஓதின தண்ணீர் வாங்கித் தெளித்தது. விளக்கு எதையும் பொருட்படுத்தவில்லை. கொக்கியை மாற்றினால் போயிற்று, மாற்றாவிட்டால் இருந்தது. இரண்டாவது வாரம் பயம் அலுத்துப்போய், "கோழி இன்னைக்கி யாரு வீட்ல?" என்று கேட்டுக்கொண்டே பல் தேய்க்கிற நிலைக்குத் தெரு வந்துவிட்டது.

மின்வாரியத்திலிருந்து ரீடிங் எடுக்கிறவர் வந்து, அது எந்த மீட்டரில் எரிகிறது என்று அரைநாள் தேடினார். வயர் இல்லை, ஸ்விட்ச் இல்லை. ஒன்றும் எழுதாமல் போனால் கேள்வி வரும் என்பதால் நோட்டில் 'சூரிய ஒளி' என்று எழுதிக்கொண்டு, வெள்ளத்துரை கடையில் ஒரு வடை தின்றுவிட்டுப் போனார்.

கோழியிடம் ஒரே ஒரு குறைதான்: மைதீன் பிச்சை சொன்ன மாதிரியே, கோளாறு இருக்கிறது என்று சொல்லுமே தவிர என்ன கோளாறு என்று சொல்லாது. ஆகவே அது உட்கார்ந்த இடத்தைச் சுற்றித் தெருவே கூடி நின்று ஊகித்தது. ஊகித்து ஊகித்து எல்லோருக்கும் கைத்தொழில் வந்துவிட்டது. மோட்டார் சத்தத்தில் பேரிங் தேய்மானத்தைக் கண்டுபிடிக்கிற பெண்கள் உண்டானார்கள். யாரிடமும் முழுசாக ஒரு ஸ்பேனர் செட் இல்லை. ஆனால் ஒருவரிடம் பத்தாம் நம்பரும் இன்னொருவரிடம் பதினாலாம் நம்பருமாகத் தெரு முழுக்கச் சேர்த்தால் ஒரு செட் இருந்தது என்பது அப்போதுதான் தெரியவந்தது.

நாலாவது வாரம் கோழி தமயந்தி டீச்சர் வீட்டுக்குள் போய், கல்யாண போட்டோவின் மேல் உட்கார்ந்தது. டீச்சரின் கணவர் பிரம்மநாயகம், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆணியை மாற்றினார். போகவில்லை. கண்ணாடியை மாற்றினார். சட்டத்தை மாற்றினார். சுவரில் ஈரம் இருக்கும் என்று ஒருவர் ஊகிக்க, சுண்ணாம்பு அடித்தார். ஐந்தாவது நாள் ஏணியில் நின்று சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் அடுப்படியிலிருந்து சொன்னாள்:

"செவுத்துல ஒண்ணுமில்ல. எறங்குங்க."

"பொறவு?"

"முப்பத்தொரு வருசமா ஒரு கேள்வி கேக்கேன். நம்ம கல்யாணத்துப் பந்தியில எங்க சித்தப்பாவுக்கு மட்டும் பாயசம் வைக்கல. அவரு அதுக்கப்பறம் நம்ம வீட்டு வாசப்படி மிதிக்காமலே செத்தும் போனாரு. அது எப்படின்னு கேட்டா, 'ஞாபகமில்ல'ங்கிய."

பிரம்மநாயகம் ஏணியில் ஒரு படி இறங்கினார். வாசலில் நின்ற தெரு ஒரு அடி உள்ளே வந்தது.

"தீந்து போச்சு தமயந்தி," என்றார். "நான்தான் பின்கட்டுல நின்னு மூணு டம்ளர் குடிச்சிட்டேன். முந்தினநாள் ராத்திரியிலிருந்து பயத்துல ஒண்ணும் சாப்பிடல."

"என்ன பயம்?"

"நீ என்னைப் பிடிக்கலைன்னு சொல்லிருவியோன்னு."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது போட்டோவில் விளக்கு இல்லை.

அன்றோடு தெருவுக்கு வேறு விதமான கவலை பிடித்தது. குக்கர், கம்பம் என்றால் சரி. மனிதர்களுக்குள் இருப்பதையும் அது காட்டும் என்றால் அதை யார் வீட்டுக்குள் விடுவது? சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் கோழி வந்த பீரோவைப் போர்வையால் மூடி, "எங்க வீட்ல இல்ல" என்று சாதித்தார்கள். வெள்ளத்துரைக்கோ நேர்மாறான வருத்தம். இரண்டு மாதமாகியும் அவன் வீட்டுக்கும் கடைக்கும் அது ஒருமுறைகூட வரவில்லை. முதலில் அதைப் பெருமையாகச் சொன்னான், பிறகு, "என்னை மட்டும் ஏன் ஒதுக்குது?" என்று டீ ஆற்றும்போது கேட்க ஆரம்பித்தான்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். அதில் எழுந்து பேசியது ஆவுடைத்தங்கம்தான். "எங்க காருல இருந்து எறங்கின லைட்டு, அதனால நான் சொல்லுதேன். கோழி வந்தா யாரும் ஒளிக்கக் கூடாது. வந்த வீட்டுக்குப் பக்கத்து நாலு வீடு சேர்ந்து சரிபண்ணிக் குடுக்கணும். காசு இல்லைன்னா கை குடுக்கணும்." எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மைதீன் பிச்சை மட்டும், "எல்லா வீட்டையும் பாத்தாச்சு, ஒன் காரை மிஷின் வச்சுப் பாக்கலியே தங்கச்சி. அதுல இப்ப லைட்டே இல்ல. சீக்கு வந்தாலும் சொல்ல வாயில்ல," என்றார். "அடுத்த மாசம் பாய்," என்றாள் அவள்.

கூட்டம் முடிந்த மூன்றாம் நாளிலிருந்து கோழியைக் காணவில்லை.

எட்டு நாள் தேடினார்கள். மாடிப்படிக்கடியில் தேடினார்கள், ஓட்டைப் பிரித்துப் பார்த்தார்கள், கிணற்றுக்குள் பக்கெட்டை இறக்கி எட்டிப் பார்த்தார்கள். சலித்துக்கொண்டிருந்தவர்களுக்கே அது இல்லாமல் கை ஓடவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது, அதனால் போய்விட்டது என்று பிரம்மநாயகம் சொன்னார். அதை யாரும் நம்பவில்லை. முப்பத்திரண்டு வீட்டில் எல்லாம் எப்படிச் சரியாக இருக்கும்?

கோழி ஆவுடைத்தங்கத்திடம் இருந்தது. இடது விலாவுக்குக் கீழே, தோலின் மேல், வெப்பமில்லாமல், வலியில்லாமல், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. குளிக்கும்போது முதலில் பார்த்தவள், அவசரமாகத் துண்டைப் போட்டு மூடினாள். என்ன கோளாறு என்று ஊகிக்க அவளுக்குத் தெரு தேவைப்படவில்லை. ஏழு மாதமாகத் தீட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது; படி ஏறினால் மூச்சு வாங்கியது; வண்டி ஓட்டும்போது ரோடு சில நேரம் இரண்டாகத் தெரிந்தது, அப்போது இடது பக்க ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் கார் நிற்கும். கார் நின்றால் வீடு நிற்கும். மகளுக்கு இன்னும் ஒரு செமஸ்டர் இருந்தது. அதுவரைக்கும் ஓடிவிடும் என்று நினைத்தாள். கடும் நீல ரவிக்கையாகப் பார்த்துப் போட்டாள், சேலையை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றினாள், மருந்துக்கடையில் சொல்லி ஒரு சிவப்பு மாத்திரை வாங்கி விழுங்கினாள், ஒரு மத்தியானம் முழுக்கப் படுத்துத் தூங்கினாள். எழுந்தபோது விளக்கு மங்கியிருந்தது. சந்தோஷப்பட்டாள். மறுநாள் அது மின்ன ஆரம்பித்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கே மலைப்பக்கம் மேகம் கூடி, வெள்ளத்துரை கடைக்குள் கருக்கல் மாதிரி இருட்டி, கரண்டும் போனது. பத்துப் பேர் டீ டம்ளரோடு நின்றார்கள். அவர்கள் நடுவில் ஆவுடைத்தங்கத்தின் சேலை மஞ்சளாக மின்னி மின்னி அணைந்தது.

வெள்ளத்துரை டம்ளரைக் கீழே வைத்தான். "மைனி... கோழி ஒங்ககிட்டயா இருக்கு?"

"செல்போன் லைட்டு," என்றாள்.

"செல்போன்ல கோழி இருக்காது தங்கச்சி," என்றார் மைதீன் பிச்சை. அவர் முகம் மாறிவிட்டது. "மின்னுது."

"எனக்கு ஒண்ணுமில்ல பாய். ஓடுதுல்லா?"

"சாவியக் குடு."

"நாளைக்கு தென்காசி சவாரி இருக்கு."

"அந்த சவாரி இன்னைக்கே. சாவியக் குடு."

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொள்ளப் பார்த்தாள். முடிச்சுப் போடுவதற்குள் கால் மடங்கி பெஞ்சில் உட்கார்ந்தாள். மண்டியிலிருந்து ஓடிவந்த சொரிமுத்து, கையில் எலுமிச்சை வாசனையோடு அவள் முன்னால் குத்தவைத்தான். "எங்கிட்டகூடச் சொல்லலையே ஆவுடை," என்றான். அவன் திட்டியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். அவன் திட்டவில்லை, ஆகவே அவள் சாவியைக் கொடுத்தாள்.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஆவுடைத்தங்கம் தன் காரின் பின் ஸீட்டில் ஏறினாள். ஒரு பக்கம் சொரிமுத்து, மறுபக்கம் தமயந்தி டீச்சர், முன்னால் பிரம்மநாயகம். ஓட்டியது மைதீன் பிச்சை. பின்னால் இரண்டு ஆட்டோவிலும் ஏழு பைக்கிலும் தெரு.

"இந்த ஸ்பிரிங்கு இப்படிக் குத்துதுன்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையே," என்றாள் அரைமயக்கத்தில்.

"சொன்னா எறக்கி விட்டுருவியோன்னு பயம்," என்றாள் டீச்சர்.

கடையநல்லூர் தாண்டி ரோடு லேசாக ஏறுகிற இடத்தில் கார் உதறியது. இரண்டு தடவை இருமி, மூன்றாவது தடவை நின்றுவிட்டது. சொல்ல வேண்டிய விளக்கு பின் ஸீட்டில் இருந்ததால் கார் எதையும் சொல்லாமலே நின்றது. மைதீன் பிச்சை ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அடி அடித்தார். ஆனால் அவர் இறங்குவதற்குள் ஆட்டோக்களும் பைக்குகளும் வந்துவிட்டன. பத்தொன்பது பேர் பானெட்டைச் சூழ்ந்தார்கள். பத்தாம் நம்பரும் பதினாலாம் நம்பரும் பைகளிலிருந்து வெளியே வந்தன.

"செல்பு அடிங்க பாய்," என்றார் பிரம்மநாயகம். முப்பது வருடம் தபால் பையில் எந்த உறைக்குள் காசு இருக்கிறது என்று கேட்டே சொன்ன காது அவருக்கு. எஞ்சின் உறுமி அணைவதற்குள் அவர் கையை உள்ளே விட்டார். "இங்கன சீத்துன்னு ஒரு சத்தம். காத்து போவுது."

எஞ்சினுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், விரல் கனத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸ் நீளவாக்கில் வெடித்திருந்தது. பைக்கில் வந்த ஒருவர் தன் பெட்டியில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை எடுத்துக் கொடுத்தார். பல்லால் கிழித்து, இழுத்துச் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டினார்கள். கார் வாங்கின நாளில்கூட அப்படி ஓடியதில்லை என்கிற மாதிரி ஸ்டார்ட் ஆனது.

"சென்சார் இல்லையா பாய்?" என்று கேட்டது பின் ஸீட்.

"இல்ல தங்கச்சி. சைக்கிள் டியூபு."

"அப்ப ஏழாயிரம் மிச்சம்," என்று சொல்லிவிட்டு அவள் நினைவிழந்தாள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தவர் டாக்டர் ஹெப்சிபா. சின்ன வயது, மெலிந்த உருவம். விலாவில் மின்னியதைப் பார்த்தாள், வந்தவர்கள் ஒரே குரலில் சொன்ன விவரத்தைக் கேட்டாள், சீட்டில் 'இடது விலாவில் மஞ்சள் விளக்கு, விட்டு விட்டு எரிகிறது' என்று எழுதிவிட்டு ரத்தம் எடுத்தாள். ரிசல்ட் வந்ததும் அவளே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"நாலரைதான் இருக்கு ரத்தம், பன்னெண்டு இருக்கணும். இந்த அம்மா இதோட கார் ஓட்டினாங்களா?"

"தென்காசி வரைக்கும் ஓட்டுவா," என்றான் சொரிமுத்து, அழுதுகொண்டே, அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கர்ப்பப்பையில் கட்டி. முதலில் ரத்தம் ஏற்றவேண்டும், பிறகு ஆபரேஷன்; காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவில்லை. ரத்தம் கொடுக்க இருபது பேர் வரிசையில் நின்றதில் பொருந்தியது மூன்று பேருக்கு. முதல் ஆள் வெள்ளத்துரை. கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தவன், கோழி இனி தன் வீட்டுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, கோழி இருக்கிற இடத்துக்குத் தன் ரத்தம் போயிருக்கிறது என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டு திரிகிறான்.

முதல் பாட்டிலில் விளக்கு மின்னுவது நின்றது. ஆபரேஷன் முடிந்த அன்று மங்கியது. அதுவரை சொரிமுத்து தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து, கூடைப் பழத்தில் நல்லது கெட்டது பிரிக்கிற கவனத்தோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மகள் லீவு போட்டுவிட்டு வந்து, அம்மாவைத் திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்ததை ஒன்றும் திட்டாமல், தலைவாரிப் பின்னிவிட்டாள்.

ஆபரேஷனுக்கு மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், தெருவில் பாதி கட்டிலைச் சுற்றி நின்றபோது டாக்டர் ஹெப்சிபா வந்தாள். கட்டை விலக்கித் தையலைப் பார்த்தாள், பிறகு விலாவைப் பார்த்தாள்.

"அணைஞ்சிடுச்சு பாருங்கம்மா. இனி பயமில்ல. நாளன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்."

ஆவுடைத்தங்கம் தன் விலாவைப் பார்க்கவில்லை. டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். பேனா செருகியிருந்த பைக்குச் சற்றுக் கீழே, துணிக்கு உள்ளிருந்து, மஞ்சளாக, மின்னாமல், அடக்கமாக அது எரிந்துகொண்டிருந்தது. தமயந்தி டீச்சரும் பார்த்துவிட்டாள். பிரம்மநாயகமும் பார்த்துவிட்டார். எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி, டாக்டர் வாசல் பக்கம் திரும்ப முடியாதபடி நெருங்கி நின்றார்கள்.

ஆவுடைத்தங்கம் தையல் வலிக்க வலிக்க நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள்.

"டாக்டரம்மா, இப்படிச் செத்த உக்காருங்க."

"இன்னும் நாற்பது பேரைப் பார்க்கணும்மா."

"பாக்கலாம். உக்காருங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தன் கோட்டைக் குனிந்து பார்த்தாள். அணைத்துவிடப் பார்க்கிற மாதிரி உள்ளங்கையால் மூடினாள்; விரல் இடுக்கில் வெளிச்சம் கசிந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்," என்றாள் ஆவுடைத்தங்கம். "எங்களுக்கும் என்னன்னு தெரியாது. ஒண்ணொண்ணாத்தான் கேட்டுப் பாக்கணும். காலையில என்ன சாப்பிட்டிய?"

டாக்டர் ஹெப்சிபா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு, காலை என்றால் எந்த நாளின் காலை என்று யோசிக்கிறவள் மாதிரி, சுற்றி நிற்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெள்ளத்துரை அதற்குள் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்ற ஆரம்பித்திருந்தான்.